பதினோராம் குவியல்

மாட்டுத்தாவணிச் சந்தையில்
விலைபோகாத மல்லி
ராத்திரி பத்துக்கு மேல் இங்கே வரும்.
கூடவே
மண்டபங்களின் எச்சில் இலை,
பூசணிக் குடல்,
யார் கழுத்துக்கோ போய்த் திரும்பிய ரோஜா மாலை.
ஜிகினாவை உருவிவிட்டுத்தான் எறிவோம்.
ஜிகினாவை எதுவும் தின்னாது.

கம்பி வெப்பமானியைக் குத்துவது,
நோட்டில் எழுதுவது, என் வேலை.
நான்காம் நாள் ஐம்பத்தெட்டு.
ஆறாம் நாள் அறுபத்து நான்கு.
கீழே அடுப்பில்லை.
மார்கழிப் பனியில் ஒச்சம்மா
முழங்கை வரை உள்ளே விட்டுக் குளிர்காய்வாள்.
"எவன்டா மூட்டுனான் இத?"

நிலக்கோட்டைத் தோட்டத்தில்
இலை குடித்து ஒளித்துவைத்த வெயில் அது.
பூட்டை உடைப்பவை
நடுச்சூட்டில் கண்ணுக்குத் தெரியாது.
ஓரத்தில் மட்டும்
வெள்ளை இழையாய்த் தெரியும்.
வாயில்லை, பல்லில்லை.
செரிக்கும் நீரை முதலில் வெளியே விட்டு
இலை கரைந்தபின் உடம்பால் உறிஞ்சும்.
கடைசிப் பந்தி எழுந்தபின்
வயிற்றை வெளியே விரித்து
உட்காருகிற பந்தி.

ஒருநாள் கம்பியைத் துடைத்து
என் கக்கத்தில் வைத்தேன்.
முப்பத்தேழு.
ரெண்டு இட்லி எரிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள்
பதினோராம் குவியல் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது.
அழுகிய முட்டை வாடை.
"செத்துருச்சு, எடுத்துக் கொட்டிருங்க"
என்றார் சிக்கந்தர் அண்ணன்.
ஒச்சம்மா கிளறிப் பார்த்தாள்.
"சாகலண்ணே. மூச்சு முட்டுது."
மண்வெட்டியும் முள்கரண்டியுமாய்
ரெண்டு மணிநேரம் புரட்டிப் போட்டோம்.
மறுநாள் அறுபது.
அவனியாபுரத்துப் பக்கமாய்
ஆவி நடந்து போனது.

அந்த ஆவி திரும்பாது.
எந்த நோட்டிலும் வரவு வைக்க முடியாத செலவு.
தினமும் புதுசாய்
வெயில்தான் வந்து கட்ட வேண்டும்.
ஆனால் தழைச்சத்து, சாம்பல்சத்து,
ஒரு துளி இரும்பு,
இதெல்லாம் கைமாத்து.
ஊரைவிட்டு ஓடாது.

அறுபதாம் நாள் மூட்டையில் கைவைத்தேன்.
சில்லென்றிருந்தது.
மழைக்கு முந்தின நிமிஷத்து வாசனை.
மல்லி இறக்கிய அதே வண்டி
நிலக்கோட்டைக்கு ஏற்றிக்கொண்டு போனது,
வாடகை பேசாமல்.

சல்லடையில் மிஞ்சியது
கொஞ்சம் ஜிகினா,
ஓர் ஊக்கு.
ஊக்கைச் சேலையில் தேய்த்து
தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள் ஒச்சம்மா.