இடப்பக்கம் கூவியது

எங்கள் கலாமாவில்
கூரை என்பது வெயிலுக்கு மட்டும்.
பத்தொன்பது வருடமாய்த் தாமிரச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறேன்,
மழைக்காக ஒரு நாள்கூட வைப்பர் போட்டதில்லை.
தூசிக்குப் போட்டிருக்கிறேன். அது கணக்கில் வராது.

இதுவும் அதே சிலி, அதே கொடி.
தெற்கே இரண்டு விமானம், ஒரு பஸ், ஒரு படகு.
ஓர்னோபிரேனில் இறங்கியபோது பெய்துகொண்டிருந்தது.
"எப்போது நிற்கும்?" என்றேன்.
எதெல்மீரா நவெல்கீன் என் புது ஷூவைப் பார்த்தாள்.
"ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றது."

மூவாயிரம் வயது மரம் ஒன்றைப் பார்க்க வந்திருந்தேன்.
அலெர்சே.
சுரங்கத்து கேன்டீன் காலண்டரில்
ஒன்பது பேர் கைகோத்து அதைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.
யாரையும் தாளைக் கிழிக்க விடவில்லை நான்.
டிசம்பர் வரை எங்களுக்கு ஆகஸ்ட்தான்.

காட்டுக்குள் மழை பெய்யவில்லை.
இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
மேலே எங்கோ பெய்தது
இலைக்கு இலை கைமாறி,
பாசிக்குள் இறங்கி, அங்கே தங்கி,
என் பிடரிக்கு வந்து சேரும்போது
நேற்றைய மழையாக இருந்தது.

மரத்தின் மேல் பாசி,
பாசியின் மேல் பெரணி,
பெரணியின் காலடியில் வேறொரு மரத்தின் கன்று.
எது நிற்கிறது, எது விழுந்து கிடக்கிறது
என்று காலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.
வைத்தேன்.
முழங்கால் வரை உள்ளே போனது.
ஷூ மட்டும் வெளியே வர மறுத்தது.

அவள் கத்தியால் நால்காத் தண்டு ஒன்றை அறுத்து,
தோலுரித்து, சட்டைப்பையிலிருந்து உப்புத் தூவித் தந்தாள்.
புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.
இலையை என் தலைமேல் கவிழ்த்தாள்.
மேசை அகல இலை.

அப்போதுதான் சுக்காவ் கூவியது.
இடப்பக்கம்.

நின்றுவிட்டாள்.
"வலப்பக்கம் என்றால் போகலாம்."
"இடப்பக்கம் என்றால்?"
பதில் இல்லை.
ஈரக் கட்டைமேல் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தாள்.
பத்து நாள் லீவு, இரண்டு விமானம் என்று ஆரம்பித்தேன்.
"தாமதமாகிறதே?" என்றேன்.
"ஆமாம், மூவாயிரம் வருடம்," என்று மாத்தேயை நீட்டினாள்.

சுரங்கத்தில் வெடிக்கு முன்னால் சங்கு ஊதும்.
ஏன் என்று எவனும் கேட்பதில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருவோம்.
நான் உட்கார்ந்தேன்.

புதரை விட்டு நடந்து வந்தது அது.
கைப்பிடி அளவு உடம்பு, செங்கல் நிறத் தொண்டை,
நிமிர்த்திய வால்.
இவ்வளவுக்குள்ளிருந்தா அவ்வளவு சத்தம்?
என் ஷூவை ஒருமுறை சுற்றிவிட்டு
மீண்டும் இடப்பக்கம் போய்க் கூவியது.

திரும்பினோம்.
திரும்பியதும் அது வலப்பக்கம் ஆகிவிட்டது.
சொல்ல வாயெடுத்தேன்.
முன்னால் போய்க்கொண்டிருந்தவளின் தோள்கள்
சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன.

இரவு அவள் வீட்டு விறகடுப்பின் பக்கத்தில்
சுவரில் சாய்ந்திருந்தேன்.
வெளியே மழை. உள்ளே உருளைக்கிழங்கு வேகும் வாசம்.
முதுகில் ஏதோ வரிவரியாய் உறுத்தியது.
சாம்பல் நிறப் பலகைகள், மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று.
"என்ன மரம்?"
"தடை வருவதற்கு முன்னால் மாமனார் பிளந்தது.
அலெர்சேதான், வேறென்ன."

ஒரு பலகையின் விளிம்பில் நகத்தால் எண்ணினேன்.
மயிர் போன்ற கோடுகள், கோட்டுக்கு ஒரு வருடம்.
நாற்பத்தேழு, என் வயது,
கட்டைவிரல் அகலம்கூட வரவில்லை.

கலாமாவிலிருந்து போன்.
லாரி ஷெட் ஹெரால்தோ.
"மரத்தைப் பார்த்தாயா?"
"சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்," என்றேன்.
"சரிதான், பெருசா?"

என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள்
அடுப்பின் மேல் காயப்போட்ட என் காலுறை
கருகும் நாற்றம் வந்தது.