பதினேழாவது படி

எண்பத்தெட்டாம் ஆண்டுப் பள்ளி மலர்,
நாற்பத்தோராம் பக்கம்.
நான்கு பேர் ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
படியேறுகிறோம்.
முன்னால் ஹசனா, தெரேசா ரியூட்டன்ஸ்.
பின்னால் பீ லெங், அப்புறம் நான், பல்லெல்லாம் தெரிய.
நாற்காலியில் கோர் சியூ இயன்.
கீழே கொட்டை எழுத்தில்: முஹிபா.

படம் எடுத்தவர் எங்களை மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னார்.
மலாய்ப் பெண் முன்னால் வரட்டும்,
இந்தியப் பெண் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்.
நாற்காலியில் இருந்தவளிடம்
அவர் எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை.

கடலைப் பார்த்த கான்வென்ட்.
பட்டர்வொர்த் ஃபெரி ஊதினால் முதல் பாடம் தொடங்கும்.
நான்காம் படிவ அறிவியல் வகுப்பு மாடியில்.
இருபத்து மூன்று படிகள், நடுவில் தேய்ந்து குழிந்தவை.
மழை பெய்தால் குழிகளில் தண்ணீர் நிற்கும்.
அவளுடைய சக்கர நாற்காலி
மதியம்வரை அங்சானா மரத்தடியில் காத்திருக்கும்,
பூ உதிர்ந்து மஞ்சளாகி.

பாதி வழியில் மாதா சொரூபம்.
அங்கே இறக்கிவைத்து மூச்சு வாங்குவோம்.
தெரேசா சிலுவை போட்டுக்கொள்வாள்.
நான் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.
ஹசனா கையை உதறிக்கொள்வாள்.
பீ லெங், மாதாவின் பாதத்தருகே ஒளித்த
புளிப்பு மிட்டாயை எடுத்துப் பங்கு வைப்பாள்.
நல்ல பிள்ளைகள்.
எங்களுக்கே எங்களை ரொம்பப் பிடித்திருந்தது.

நோன்பு மாதம், இரண்டாவது வாரம்.
பதினேழாவது படியில் ஹசனாவின் கை நழுவியது.
நாற்காலி சாய்ந்து சுவரில் முட்டி நின்றது.
கத்தியது நாங்கள்தான்.
அவள், "இறக்கு" என்றாள்.
கைகளை ஊன்றி, தானாகவே
படிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மன்னித்துக்கொள், நோன்பு" என்றாள் ஹசனா.
"நானும்தான்" என்றாள் சியூ இயன்.
"ஜனவரியிலிருந்து.
தண்ணீர் குடித்தால் கழிவறை.
கழிவறை கீழே.
கீழே போக உங்கள் நான்கு பேரையும் கூப்பிட வேண்டும்."

மணி அடித்தது.
யாரும் நாற்காலியைத் தொடவில்லை.
"நான் இங்கேயே இருக்கிறேன்,
நீங்கள் போங்கள்" என்றாள்.
எப்படிப் போவது?
ஐந்தாம் படிவத்து அக்காமார்கள்
எங்களைத் தாண்டித் தாண்டி, முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.
கணக்கு டீச்சர் திருமதி துரைசாமி தேடிக்கொண்டு வந்தார்,
பார்த்தார், சேலையை ஒதுக்கி
பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்து
"பக்கம் அறுபத்திரண்டு" என்றார்.
முப்பத்தொரு பேரும் படியெங்கும்,
மடியில் புத்தகம்.

சிஸ்டர் எமிலியானா சாவிக்கொத்தோடு வந்து
முதல் படிக்குக் கீழே நின்றார்.
அங்கிருந்தே பேசினார்.
ஏறவில்லை.
அப்போதுதான் உறைத்தது எனக்கு:
அவர் மாடிக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும்.
முழங்கால்.
அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

படிகளை அண்ணாந்து பார்த்தார்,
கொஞ்ச நேரம்.
"தையல் அறையை மேலே மாற்றலாம்" என்றார்.
பிறகு,
"தையல் டீச்சரிடம் நான் பேசிக்கொள்கிறேன்,"
குரலில் லேசான பயத்தோடு.

பதினெட்டு தையல் இயந்திரங்கள்.
இரும்புக் கால்கள்.
ஒரு சனிக்கிழமை முழுக்கத் தூக்கினோம்.
பீ லெங்குக்குக் கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்தது.
தெரேசா வாயில் வந்த வார்த்தைகளை
மாதா கேட்டிருக்கக்கூடாது.
படம் எடுக்க ஒருவரும் வரவில்லை.

கீழே சக்கர நாற்காலியில் சியூ இயன்,
பட்டியலில் ஒவ்வொன்றாக 'சரி' போட்டுக்கொண்டு,
அதட்டிக்கொண்டு,
நடுநடுவே போத்தலைத் திறந்து
மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டு.
"மெதுவாக" என்றாள் ஹசனா, உதடு வறண்டு,
"எனக்கும் சேர்த்துக் குடிக்கிறாயா?"

தையல் வகுப்புக்காரர்கள் அந்த வருடம் முழுக்க
எங்களைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள்.
அதுவும் நியாயம்தான்.

மலர் அக்டோபரில் வந்தது.
யாரும் நாற்காலி தூக்கி ஐந்து மாதமாகியிருந்தது.
என் பிரதியை வாங்கி
சியூ இயன் முஹிபாவை அடித்தாள்,
மேலே மலாயில் 'தாகம்' என்று எழுதினாள்.
பக்கத்தில் ஒரு கிளாஸ் வரைந்தாள்.
உள்ளே, விளிம்புவரை, நீல மை.