நோக்கம்: குடோன்

பதினோரு மாத ஒப்பந்தம்.
'வாடகைக்கு எடுக்கும் நோக்கம்' என்ற கோட்டின் மேல்
பத்திரம் எழுதுபவர் பேனாவை நிறுத்தியிருந்தார்.
அஃப்ரோசா என்னைப் பார்த்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
குடோன், என்றேன்.

பாபுராவ் தெருவில் மூன்றாம் மாடி,
பழைய லாட்ஜில் போர்வை உலர்த்திய அறை.
மாதம் நாலாயிரத்து ஐநூறு, கரண்ட் தனி.
உள்ளே கிடந்த அரை மூட்டை சிமெண்ட்
கல்லாக இறுகிப்போயிருந்தது.
அதுதான் முதல் நாற்காலி.

அவள் ராஜ்ஷாஹிக்காரி.
கணவனின் சிறுநீரகத்துக்காக வந்து
ஏழு மாதமாக இந்த வேலூரில்
தக்காளிக்கும் மாத்திரைக்கும் மட்டுமே வாய் திறந்தவள்.
என் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவரும்
ரிப்போர்ட்டுகளின் முதுகில்
வரிசையில் நிற்பவர்களை வரைந்து வைத்திருப்பாள்.
ஒருநாள் கை தவறி
முதுகுப் பக்கத்தை நகல் எடுத்துவிட்டேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
பழக்கம் அப்படித்தான்.

ஊரைப் பற்றிச் சொல் என்றாள்.
தண்ணீர் இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை என்று
நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வதைச் சொன்னேன்.
சாமி இல்லாத கோயிலும் கணக்கில் இருந்தது,
சாமி வந்துவிட்டதால் கழித்துவிட்டோம்.
அவள் சிரிக்கவில்லை.
இவ்வளவு காலி இடமா, என்றாள்.
எந்த மொழியில் கேட்டாள் என்று ஞாபகமில்லை.

ஐஸ்வாலிலிருந்து சாங்கா வந்தான்,
தங்கைக்கு ரேடியேஷன் முடியும் மட்டும்;
அவன் கிட்டாருக்கு ஐந்தே தந்தி.
சைதாப்பேட்டை இம்தாதுல்லா
பீடிக்கட்டுக்கு லேபிள் ஒட்டிய பசை காயாமலே
தபலாவைத் தொடுவார்.
தன்பாத் வாத்தியார் ஒருவர்,
எனக்கு ஒன்றும் தெரியாது,
ஃபேன் காற்றுக்கு வந்தேன் என்று
ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்.
நோட்டில் நாலு கட்டம் போட்டேன்:
பெயர், லாட்ஜ், தெரிந்த வித்தை, ஊர் திரும்பும் தேதி.
கடைசிக் கட்டம் மட்டும்
எல்லோருக்கும் தப்பாகவே போயிற்று.

கீழே இருநூற்றேழிலிருந்து ஒரு பையன் ஏறி வந்தான்.
அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து தைத்து
நாலு நாள்தான் ஆகுது, என்றான்.
அதற்கப்புறம் தபலாவுக்கு மேல் துண்டு,
தந்திகளுக்கு நடுவில் பஞ்சு,
பாட்டு உதட்டோடு.
சுவரில் அஃப்ரோசாவின் தூரிகை நகர்வது
முதன்முறையாகக் காதில் விழுந்தது.

எட்டாம் நாள் மறுபடியும் படியில் அவன் செருப்புச் சத்தம்.
கைகளை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டோம்.
"மூணாவது தட்டு தினமும் லேட்டா விழுதுன்னு
அப்பா சொல்லச் சொன்னாரு."
இம்தாதுல்லா இரண்டு நாள் வரவில்லை.
வந்தபோது துண்டு இல்லாமல் வாசித்தார்,
அப்போதும் லேட்டாகத்தான் விழுந்தது.

மே மாதத் தகர வெயிலில் ஒரு மத்தியானம்
சாங்கா கிட்டாரை
சிமெண்ட் மூட்டைமேல் படுக்கவைத்துவிட்டுப் போனான்.
நோட்டில் அவன் எழுதிய தேதிக்கு
இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
சாயங்காலம் தன்பாத்காரர் விட்டுப்போன இடத்தில்
வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

சுவர் முழுக்க இப்போது ஒரு வரிசை நிற்கிறது.
முன்னால் கவுண்டர் வரையவில்லை.
காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தரணும்,
அதுவும் பத்திரத்தில் இருக்கிறது.

நேற்று பதினோரு மாதம் முடிந்தது.
அதே மேசை, அதே ஃபேன்.
அதே நோக்கமா?
அதேதான்.
என்ன சரக்குன்னு போடணும், புது ரூல், என்றார்.
நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
பக்கத்திலிருந்து அஃப்ரோசா
தெளிவான தமிழில்,
வல்லினம் ஒன்றும் பிசகாமல்,
தக்காளி, என்றாள்.

மூணாவது மாடியிலயா, இந்த வெயில்லயா,
என்று கேட்டுக்கொண்டே
எழுதினார்.