நீர்ப்புறம்போக்கு

கடலூர் முதுநகரில், ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால்
ஒரு வாடகை ஷெட்.
பிவிசி குழாயை நெடுக அறுத்துப் பிளந்து
பெஞ்சின் மேல் கிடத்தியிருக்கிறோம்.
ஐம்பத்தெட்டு மீட்டர் ஆழத்தின் மேல்
போட்டை அசையாமல் பிடித்தவர் தேசிங்கு.
"இம்மாந்தூரம் போயி சேறு அள்ளியாந்திருக்கீங்க"
என்று விடியும்போதே சொல்லிவிட்டார்.

மேலே சாம்பல் களி.
கத்தி வைத்ததும் அழுகிய முட்டை வாடை.
மெஹருன்னிசா மூக்கைச் சுளிக்காமல் எழுதுகிறாள்:
பூஜ்யம் முதல் எழுபத்திரண்டு.
பெண்ணையும் கெடிலமும் வெள்ளத்தில் தள்ளியது எவ்வளவோ;
இத்தனை தொலைவு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.

அதன் கீழே சிப்பி.
உடைந்து, தேய்ந்து, துளை விழுந்து.
நான்கு விரற்கடை கனம்கூட இல்லை.
அலை ஒருகாலத்தில் இங்கே உடைந்தது.
தன் கரையைத் தானே சுரண்டித் தின்றபடி
ஏறி வந்த கடல்
தின்ன முடியாததை விட்டுப் போயிருக்கிறது.
ஆயிரம் வருஷம் இருக்கலாம் அதற்குள்; இரண்டாயிரமும்.
நின்ற நீர்தான் மணல்மேடு கட்டும்.
அவசரமாய் வந்தது எதையும் எழுதிவைக்காது.

பிறகு பரல்பரலாய் ஆற்று மணல்.
பிறகு கத்தி தடுக்கியது.
செங்களி. கெட்டி.
அதில் நூல் கனத்தில் ஒரு பழுப்புக் கோடு,
கீழே போகப் போக இரண்டாய்ப் பிரிந்து.
வேர்.

"தரையா?" என்றார் தேசிங்கு.
தரைதான். கடல் வெகு கீழே இறங்கிக் கிடந்தபோது
ஆறு இதையும் தாண்டி ஓடியிருக்கிறது.
புல்லோ நாணலோ முளைத்திருக்கிறது.
"எப்போ?"
பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று இழுத்தேன்.

தாழங்குடாவில் அவருக்கு இரண்டே முக்கால் சென்ட்.
பட்டா உண்டு, சர்வே எண் உண்டு,
லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்.
ஒரு ஐப்பசியில் சமையல்கட்டு போனது.
பிறகு பூவரசு.
பிறகு மீட்டர் பெட்டி இருந்த சுவர்.
போன மாசம் வந்த சர்வேயர்
சங்கிலி பிடிக்க இடமில்லாமல்
தண்ணீரைப் பார்த்தே எழுதினாராம்:
நீர்ப்புறம்போக்கு.

"இதுக்கு என்னன்னு எழுதுவீங்க?"

நிறம், ஈரம், துகளளவு, வேர்த்தடம்.
எங்கள் படிவத்தில் உரியவர் பெயருக்குக் கட்டம் இல்லை.

தொடக்கூடாது, காலக்கணிப்பு கெடும்
என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.
அதற்குள் செங்களியில் விரலை வைத்து
அழுத்திப் பார்த்துவிட்டார்,
கருவாடு காய்ந்ததா என்று பார்ப்பதுபோல.

மெஹருன்னிசா என்னைப் பார்த்தாள்.
மூடிய பேனாவைத் திறந்தாள்.
முன்னூற்றுப் பதினெட்டாவது சென்டிமீட்டர்:
மேற்பரப்பு குலைந்தது. விரல் தடம் ஒன்று.
அண்மைக்காலம்.