பின்சக்கரத்தின் கோடு

றம்பொடை ஏற்றம், பதினோராம் வளைவு.
பஸ்ஸின் முன்சக்கரத்தருகே ஒரு தகரப்பேணி,
பின்சக்கரத்தருகே இன்னொன்று.
ஆணியால் துளைத்து
சுண்ணாம்புத் தண்ணி ஊற்றியாயிற்று.
"மெல்ல எடுங்க, அந்தனிமுத்தண்ணே."

ஸ்டியரிங்கை முழுசாய் ஒடித்து
கண்டக்டர் தகரத்தில் தட்டத் தட்ட
ஏறினார்.

ரோட்டில் இரண்டு கோடு.
முன்னது போன வழியில் பின்னது போகவில்லை.
மலைப்பக்கம் சாய்ந்து
கான் விளிம்பை நக்கிக்கொண்டு போயிருந்தது.

நடுவே டேப்பைப் பிடித்தேன்.
ஒரு மீற்றர் முப்பத்து மூன்று.
பஸ்ஸின் நீளம்
வளைவிடம் கேட்கும் கடன்.
தோட்டம் ஒரு தேயிலைச் செடி தராது,
மறுபக்கம் மதில்,
மதிலுக்கு அப்பால் வெறும் பனி.

கொழுந்துப் பையோடு மூன்று பேர் வந்தார்கள்.
"பஸ் திரும்பையில எங்க நிப்பீங்க?"
"கானுக்குள்ளதான்" என்றாள் முன்னால் வந்தவள்,
இதென்ன கேள்வி என்பதுபோல.

படிவத்தில் வாகனத்துக்கு எட்டுக் கட்டம்:
கார், வேன், லொறி, பவுசர், இப்படி.
கீழே ஒன்பதாவதைக் கீறினேன்.
அகலம், நெற்றியில் கயிறு,
முதுகில் பை,
திரும்பிப் பார்க்கும்போது எவ்வளவு?

அளக்கக் கூப்பிட்டேன்.
"நிறுவைக்கு நேரமாச்சு, மிஸ்."
வளைவை அவர்கள்
உள்ளோரமாகவே எடுத்தார்கள்.