அசல் நிறம்

கிந்தா சாலைக் கடைவீட்டின் மாடிச் சுவரில்
உள்ளங்கை அளவு சதுரம் ஒன்றைச்
சுரண்ட எனக்கு அனுமதி.
அதற்குமேல் ஒரு நூல் போனாலும்
விளக்கக் கடிதம் எழுதவேண்டும்.

அறுவைக் கத்தி. பூதக்கண்ணாடி.
ஏணியைப் பிடித்துக்கொண்டு அடைக்கலம்,
அறந்தாங்கிக்காரன், ஒப்பந்தம் மார்ச் வரை.

தள்ளித் தள்ளி, படிக்கட்டுபோல இறங்கவேண்டும்.
முதல் படி வெள்ளை:
காலிசெய்து போன யோகா வகுப்பு.
அடுத்தது பிஸ்தாப் பச்சை.
யாரோ தள்ளுபடியில் வாங்கி
வீட்டாரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள்.
அதன்கீழ் இளஞ்சிவப்பு. ஒரு கல்யாணம் நடந்திருக்கலாம்.
அப்புறம் கறுப்புப் பிசுக்கு.
அது பூச்சே இல்லை. அடுப்புப் புகை.
ஒரே மாடியில் ஆறு குடும்பம்
முறைவைத்துச் சமைத்த காலம்.
குறிப்பேட்டில் அழுக்கு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
அடுக்கு என்று திருத்தினேன்.

புகைக்குக் கீழே, மங்கலான மஞ்சளில்,
பென்சில் எழுத்து.
தமிழ்.

பால் 11. பாக்கி 4.
கேட்டால் நாளை என்று சொ

அவ்வளவுதான்.
மிச்சம் சதுரத்துக்கு வெளியே.
யார் யாருக்கு எழுதி வைத்தது,
பால்காரர் நாளை வந்தாரா,
எல்லாமே வெளியே.

அதற்கும் அடியில், சுண்ணாம்பில் கரைத்த
சலவை நீலம்.
நூறு வருஷம் இருட்டில் கிடந்துவிட்டு
என் டார்ச் வெளிச்சத்தில் கூசியது.
கட்டடக் கலைஞர் கோ சியூ லிங்
கைதட்டியே விட்டார்.
இதுதான் அசல், என்றார்.
முழுச் சுவரையும் இதுவரைக்கும் இறக்கிவிடலாம்.

இறக்குவது என்றால்
சுவர் திறந்த முதல் நாளைக் காப்பாற்றிக்கொண்டு
மீதி முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் நாட்களைச்
சாக்கில் வாரிக் கொட்டுவது.
அதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர்.

ஆற்று முகத்துவாரத்தில் நின்ற எழுத்துக் கல்லை
வழியை மறைக்கிறதென்று
ஒருகாலத்தில் வெடிவைத்துப் பிளந்த ஊர் இது.
ஒரு துண்டு மட்டும் அருங்காட்சியகத்தில்,
குளிர்காற்றில் உட்கார்ந்திருக்கிறது.
அதை இன்னும் யாராலும் வாசிக்க முடியவில்லை.
இதை என்னால் வாசிக்க முடிகிறது.
அதுதான் சங்கடம்.

மதியம் அஞ்சடியில் உட்கார்ந்து
பொட்டலம் பிரித்தோம்.
அடைக்கலம் கேட்டான்:
அக்கா, எங்க டார்மிட்டரி சுவரையும்
நூறு வருஷம் கழிச்சு இப்படிச் சுரண்டிப் பாப்பாங்களா?

துவாஸில் அவன் தலைமாட்டுச் சுவர் தகரம்.
குத்தகை முடிந்தால் கழற்றி
அடுத்த மனைக்கு லாரியில் ஏற்றுவார்கள்.
அதில் என்ன எழுதியிருக்கே, என்றேன்.
எழுதக்கூடாதுக்கா. ஃபைன்.
ரசத்தை உறிஞ்சிக் குடித்தான்.
பிறகு,
கட்டிலுக்கு அடியில எழுதியிருக்கேன்.

என்னவென்று நான் கேட்கவில்லை.
அவனும் அதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மாலையில் படிவத்தை நிரப்பினேன்.
அசல் நிறம் என்று ஒரே ஒரு கட்டம்.
நீலம் என்று எழுதினேன். பொய் இல்லை.
கீழே, சின்ன எழுத்தில்:
வடக்குச் சுவரில் மூன்று அடி அகலத்துக்கு
ஈரக்கசிவு, உப்புப் பூத்திருக்கிறது.
சுரண்டினால் செங்கல் உதிரும்.
மேல்பூச்சைக் கலைக்காமல்
புதிய மின்பெட்டியை அதன்மேல் பொருத்தவும்.
இது அவ்வளவு உண்மை இல்லை.

சியூ லிங் வாசித்தார்.
சுவரைத் தடவிப் பார்த்தார்.
காய்ந்த கையை என்னிடம் காட்டாமல்
காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
கையெழுத்திட்டார்.

ஹோட்டல் திறக்கப் போகிறார்கள்.
நீலம் நன்றாகத்தான் இருக்கிறது;
படத்தில் இன்னும் நன்றாக விழும்.
மின்பெட்டிக்கு நாலு திருகாணி.
அடைக்கலம்தான் முடுக்கினான்.
மூன்றை இறுக்கினான்.
நாலாவதை ஒரு சுற்று
தளர்வாகவே விட்டான்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு
சாலையைப் பார்த்தபடி நின்றேன்.