நிகர எடை

ஊத்தான் மெலிந்தாங்கில் உயரமானவை இரண்டு:
மில்லின் புகைப்போக்கி,
அதற்கடுத்துத் தண்ணீர்த் தொட்டி.
கடலுக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு மண்கரை, அவ்வளவுதான்.

இங்கிருந்துதான் போனான் புவனேந்திரன்
எட்டாயிரம் மீட்டருக்கு.
அம்மன் கோவில் உண்டியலுக்குப் பக்கத்திலேயே
அவனுக்கும் ஓர் உண்டியல் வைத்தார்கள்.
நான் ஐம்பது வெள்ளி போட்டேன்.
திரும்பியபோது முச்சந்தியில் பதாகை;
அதில் அவன் முகத்தைவிட
ஒய்பியின் முகம் பெரிது.

எனக்கு வேலை மில்லின் எடைமேடையில்.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்: மொத்த எடை.
கொட்டிவிட்டு ஏறும்: வெறும் எடை.
கழித்தால் நிகரம்.
பதினேழு வருடமாய் இந்த ஒரே கணக்கு.

விருந்தெல்லாம் ஓய்ந்த ஒரு வாரத்தில்
இரவு ஷிப்டில் வந்து நின்றான்.
இடக்கையில் மூன்று விரல்கள்
முதல் கணுவோடு முடிந்திருந்தன.
"ஏறி நிக்கட்டுமா லோகா?"
ஏறினான். அறுபது காட்டியது.
இருபது இருபதாய்த்தான் எண்ணும் என்றேன்,
மனுசனுக்குச் செஞ்ச தராசு இல்ல.

இறங்காமல் நின்றபடியே சொன்னான்.

"கயித்தோரமா ஒருத்தன் உக்காந்திருந்தான்.
மஞ்சள் சட்டை. ஒரு கையில உறை இல்ல.
செத்துட்டான்னு நெனச்சுத்தான் கிட்டப் போனேன்.
கண்ணு அசைஞ்சிச்சு.
என் காத்து முள்ளு பாதியில இருந்திச்சு.
பின்னால பதினோரு பேரு.
கொக்கியக் கழட்டி
அவனுக்கு அந்தாண்ட மாட்டினேன்.
டிக்குன்னு ஒரு சத்தம்.
கொடி பிடிச்சுச் சிரிக்கிறேனே, அந்தப் படம்,
அது நாப்பது நிமிசம் கழிச்சு."

இறங்கும்போது?
"கண்ணு அசையல."

கேட்டில் காவல் நிற்கும் தில்குமார் ராய்
தேத்தண்ணீர்ப் பொட்டலத்தோடு வந்தவன்
எல்லாம் கேட்டிருக்கிறான்.
ஐந்து வருடத்தில் எங்கள் தமிழ் அவனுக்குப் பழகிவிட்டது,
வசவு உட்பட.
"கயிறு போட்டது யாரு?" என்றான்.
புவன் யோசித்தான்.
"உன் சிலிண்டரத் தூக்குனவன் பேரு?"
பாசாங்கோ என்னவோ, என்றான் புவன்,
காது வரை சிவந்து.
தில்குமார் கோபப்படவில்லை.
பொட்டலத்தின் ரப்பரை அவிழ்த்தபடி சொன்னான்:
"எங்க வீட்டு வாசல்ல நின்னா அந்த மலை தெரியும்.
சம்பளம் இல்லாம
எங்க ஊர்ல யாரும் ஏற மாட்டோம்.
எங்க அண்ணன் ஏறினான்.
இன்னும் அங்கதான் இருக்கான்."

எனக்குத் தீர்ப்பு நாக்கு நுனியில் இருந்தது.
குலை பறிக்கையில் ஒருவன் சரிந்தால்
அரிவாளைப் போட்டுவிட்டு
நிரை முழுதும் ஓடி வருமே,
நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று!
சொல்ல வாயெடுத்தேன்.

சவரிமுத்து அண்ணன் நினைவுக்கு வந்தார்.

அன்று வரிசையில் பன்னிரண்டு லோரி.
என் ஜன்னலில் நெஞ்சைப் பிடித்தபடி
கொஞ்சம் தண்ணி என்றார்.
டிக்கெட் அடிச்சிட்டு வர்றேண்ணே, என்றேன்.
ஒன்று அடித்தேன். இன்னொன்று. மூன்றாவது.
அதற்குள் அவர் லோரியிலிருந்து ஹார்ன்
விடாமல் கத்தியது.
பொறுமையில்லாத ஆள் என்று முணுமுணுத்தேன்.
ஸ்டீயரிங்கில் அவர் நெஞ்சு கிடந்தது
எனக்குத் தெரியாது.

கடல் மட்டத்தில்.
காற்று இலவசமாய்க் கிடைக்கும் இடத்தில்.
பத்து விரலும் சூடாக இருக்கையில்.

இதைப் புவனிடம் சொல்லவில்லை.
தில்குமார் மூன்று கோப்பையில் ஊற்றினான்,
இனிப்பு அதிகம்.
"எறங்கு, லோரி வருது" என்றேன்.
அவன் இறங்கிப் போன பிறகும்
மேடை இருபதைக் காட்டிக்கொண்டிருந்தது.
சேறாக இருக்கும்.
சுழிப் பொத்தானை அழுத்துவதுதான் விதி.
அழுத்தவில்லை.
அந்த லோரிக்கு
இருபது கிலோ கூடுதலாய் எழுதினேன்.

இதுவரை யாரும் கேட்கவில்லை.